மாறனின் நாள்காட்டி

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. ஆஸ்பத்திரி முன்பதிவுத் தளத்தை, அதற்கு அஸ்திவாரமாக இருக்கிற ரியாக்ட் மென்பொருளின் புதிய வெர்ஷனுக்கு மாற்றச் சொல்லிப் போன மாதமே உத்தரவு. மாற்றினோம். தளத்துக்குத் தேவையான பேக்கேஜ்களையெல்லாம் நிறுவச் சொன்னால் பாதியில் நின்றுகொண்டு ஒன்றோடொன்று சேர மாட்டேன் என்கிறது. எது முரண்டு பிடிக்கிறது என்று பெயரையும் காட்டுகிறது. 'நாள்காட்டி'.

தேதி குறிக்கும் கட்டத்தைத் தொட்டால் ஒரு குட்டிக் காலண்டர் திறக்குமே, அதுதான். எவரோ எழுதி, தளம் கட்டுகிற எல்லாரும் எடுத்துக்கொள்ள இலவசமாகக் கொடுத்த நிரல் துண்டு, அதாவது பேக்கேஜ். பழைய ரியாக்ட்டோடு மட்டும்தான் சேருவேன் என்று அதற்குள் எழுதியிருக்கிறது.

சுதர்சன் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். டீம் லீடு ஆகிவிட்டால் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் நிற்கலாம் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"இத எழுதுன ஆளு எங்க போய்த் தொலைஞ்சான்? ஜூலைக்கு அப்புறம் ஒரு அப்டேட் இல்ல. பேக்கேஜ் பக்கத்துல கீழ இத்தன பேரு கதறுறாங்க, ஒருத்தருக்காவது பதில் சொல்லியிருக்கானா பாருங்க. பொறுப்பில்லாத பய."

"ஃபோர்ஸ் போட்டுப் பாக்கறேன்" என்றேன்.

"எதையாவது போடுங்க. வியாழக்கிழமைக்குள்ள ஓடணும்."

அந்தப் பொறுப்பில்லாத பயலின் பெயர் நன்மாறன். என் தம்பி. அக்கா நான் இருக்கும்போதே ஆடி மாதம் டெங்குவில் செத்துப்போனான். 'தம்பி இறந்துவிட்டான்' என்று நான் போனில் லீவு கேட்டபோது சரியென்று சொன்னதும் இதே சுதர்சன்தான். அந்தத் தம்பியும் இந்தப் பயலும் ஒரே ஆள் என்று அவனுக்குத் தெரியாது. சொல்லப்போவதுமில்லை. இவன் வாயில் மாறனின் பெயர் வர வேண்டாம்.

நவம்பர் 4, செவ்வாய்

ஃபோர்ஸ் போட்டேன். சேராவிட்டாலும் பரவாயில்லை, வாயை மூடிக்கொண்டு நிறுவு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் அது. நிறுவியது. தளமும் திறந்தது. சுதர்சன் கையைத் தட்டினான். தேதிக் கட்டத்தைத் தொட்டேன். பக்கம் மொத்தமும் வெள்ளையாகிவிட்டது. காலண்டர் இல்லை, டாக்டர் பெயர் இல்லை, ஒரு பொத்தான்கூட இல்லை.

மாறன் நம்பி எழுதியிருந்த ஒரு வசதியைப் புதிய ரியாக்ட்டில் எடுத்துவிட்டார்கள். பேக்கேஜின் நெற்றியில் இருக்கிற எழுத்தைப் பார்க்காத மாதிரி உள்ளே தள்ளினால் உள்ளே போய் விழும். அவ்வளவுதான். கை தட்டியவன் சத்தமில்லாமல் இடத்துக்குப் போனான்.

கேஸ் சிலிண்டர் இன்னும் வரவில்லை. அம்மா இண்டக்‌ஷன் கரண்ட் அடுப்போடு மல்லுக்கு நிற்கிறாள். வீட்டில் சமைக்கிற ஏனத்தில் பாதி அலுமினியம். அந்த அடுப்பில் சூடேறாது.

நவம்பர் 6, வியாழன்

மாறனின் போனை அணைக்காமல் வைத்திருக்கிறோம். அவன் கணக்குகளுக்குள் போக வேண்டியிருந்தால் ரகசிய எண் அதில்தான் வரும். வேறு காரணம் ஒன்றுமில்லை. டிவிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கும். சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்வது அம்மா.

சுதர்சனின் வியாழக்கிழமைக் கெடு தளம் ஓடாமலேயே தாண்டிப்போனது. ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்டாள். "ஏன் கண்ணு, இந்தப் போனு ரெண்டு மூணு வாரமா ஓயாம அடிச்சுட்டே இருக்குது. ஆரு இது?"

எடுத்துப் பார்த்தேன். எல்லாம் நாள்காட்டிதான். எங்கள் ஆபீஸ் மாதிரி உலகம் முழுக்க எல்லாரும் புதிய ரியாக்ட்டுக்கு மாறுகிறார்கள். எல்லாருக்கும் அதே சிவப்பு எழுத்து. எல்லாரும் அதே இடத்தில் வந்து கொட்டியிருக்கிறார்கள். 'யாராவது உயிரோடு இருக்கிறீர்களா?' 'பராமரிக்க முடியாதவர்கள் எதற்கு வெளியிடுகிறீர்கள்?' 'இவனை நம்பியதற்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.' ஒருவன் ஒரே வரி போட்டிருக்கிறான். 'இது செத்துவிட்டதா?' அதற்குக் கீழே ஒரு பட்டாளமே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறது.

"என்ன எழுதியிருக்கறாங்க?"

"மாறன் எப்படி இருக்கான்னு கேக்கறாங்கம்மா."

"அத்தன பேருமா?"

"அத்தன பேரும்தான்."

அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி, முந்தானையால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். "அவன் ஒரு வார்த்த சொல்லல பாரு, இத்தன பேரு தெரியும்னு" என்றாள். வெகுநாளைக்குப் பிறகு ரெண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

நவம்பர் 8, சனி

தண்ணீர் விட்டார்கள். தொட்டியை நிரப்பி, குடத்தையெல்லாம் பிடித்து வைப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. அம்மா போனை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்றைக்கு வந்ததைப் படித்துக் காட்ட வேண்டுமாம். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. வராமல் இருந்ததற்கு இன்றைக்கு நன்றி சொன்னேன்.

'உதவாக்கரைக் குப்பை' என்று எழுதியிருந்ததை, ஜெர்மனிக்காரர் ஒருவர் மாறனின் வேலையைப் புகழ்ந்திருக்கிறார் என்று படித்தேன். 'வெட்கமாக இல்லையா' என்பதை, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று படித்தேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

அம்மா குளிக்கப் போனபிறகு மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஜூலையில் மாறன் எழுதிய கடைசிப் பதில் இருந்தது. 'கொஞ்சம் காய்ச்சல். நாளை பார்த்துவிடுகிறேன், மன்னிக்கவும்.' அதற்கு நேர் கீழே, மறுநாள், அதே ஆள்: 'ஏதாவது முன்னேற்றம் உண்டா?'

அந்த மறுநாள்தான் பெங்களூரில் அவன் அறைக்கு மேல்மாடியில் இருந்தவர் எங்களுக்குப் போன் செய்தார். அதுவரை காய்ச்சல் என்றே எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கு ஒரு போன் போட இவனுக்கு நேரமில்லை. முகம் தெரியாத எவனிடமோ மன்னிப்புக் கேட்க நேரம் இருந்திருக்கிறது. அவன் என்ன உனக்குச் சோறு போட்டானா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனானா? மன்னிக்கவுமாம். எதிரில் இருந்தால் அறைந்திருப்பேன்.

நவம்பர் 9, ஞாயிறு

அப்படி என்னதான் எழுதினான் மாறன் என்று அம்மா கேட்டாள். கரண்ட் அடுப்பைக் காட்டித்தான் சொன்னேன்.

"ஊர்ல இருக்கறவங்க எல்லாரும் சமைக்கறதுக்கு மாறன் ஒரு ஏனம் செஞ்சு சும்மா குடுத்தான்னு வெச்சுக்க. இப்ப எல்லாரும் புது அடுப்பு வாங்கிட்டாங்க. அந்த ஏனம் புது அடுப்புல சூடேற மாட்டேங்குது."

"அடி தட்டையா, இரும்புல மாத்திக் குடுத்தா ஆச்சு."

"அத மாத்தறதுக்கு அவன் இருக்கணுமில்ல."

சொல்லியிருக்கக் கூடாது. அம்மா எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்தாள். ஏற்கனவே களைந்த அரிசி.

நவம்பர் 10, திங்கள்

சொல்ல மாட்டேன் என்று எழுதி ஒரு வாரம்தான் ஆகிறது. சொல்லிவிட்டேன். சொல்லவில்லை, கத்தினேன்.

காலை மீட்டிங். சுதர்சன் பெரிய திரையில் நாள்காட்டியின் பக்கத்தைத் திறந்து எல்லாருக்கும் காட்டினான். "இதுதான் உதாரணம். ஓசியில கெடைக்குதுன்னு எவனோ எழுதுனத உள்ள விட்டா இப்படித்தான். நாலு ஸ்டார் வர்ற வரைக்கும் ஆடுவானுங்க, அப்புறம் காணாமப் போயிருவானுங்க. செத்த பேக்கேஜ். தூக்கிப் போடுங்க." இரண்டு பேர் சிரித்தார்கள். திரையில் மாறனின் போட்டோ இருந்தது, வட்டத்துக்குள், சின்னதாக. எங்கள் மொட்டைமாடியில் நான் எடுத்த போட்டோ.

"செத்தது பேக்கேஜ் இல்ல. அவன். அவன் என் தம்பி. உங்ககிட்டதான லீவு வாங்கிட்டுப் போய் எரிச்சுட்டு வந்தேன்?"

அதற்கு மேலும் என்னவோ சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நஸ்ரீன் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். நஸ்ரீனும் நானும் ஒரே நாளில் இந்த ஆபீசில் சேர்ந்தவர்கள். அவளுக்கும் மாறன் இறந்தது தெரியும், நாள்காட்டி அவனுடையது என்பது தெரியாது. கீழே டீக்கடையில் நிற்க வைத்து டீ வாங்கிக் கொடுத்தாள். "ஏண்டி எங்கிட்டகூடச் சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

நவம்பர் 11, செவ்வாய்

சுதர்சன் இன்றைக்குப் பின்னால் நிற்கவில்லை. முன்னால் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நேத்து பேசுனதுக்கு ரொம்ப சாரி, பொற்கொடி. சத்தியமா தெரியாது. ராத்திரி பூரா மனசே சரியில்ல."

பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஒண்ணு கேக்கலாமா? அப்ப அவரோட பாஸ்வேர்டு எல்லாம் உங்க வீட்லதான இருக்கும்? நீங்களே ஒரு வெர்ஷன் ரிலீஸ் பண்ணிட்டீங்கன்னா நம்ம பிரச்சினை முடிஞ்சிருமே. அவசரமில்ல. நிதானமா பண்ணுங்க. வெள்ளிக்கிழமை குடுத்தாப் போதும்."

நிதானமாக. வெள்ளிக்கிழமை.

நவம்பர் 12, புதன்

சிலிண்டர் வந்தது.

நவம்பர் 13, வியாழன்

இத்தனை நாயும் குரைக்கிற இடத்தில் ஒரு மனிதன் இருக்கிறான். பெயர் ஆலன். நாள்காட்டியின் முகவரிக்குத் தனியாக மெயில் அனுப்பியிருக்கிறான். 'நீங்கள் ஜூலைக்குப் பிறகு எழுதவில்லை. நலமாக இருக்கிறீர்களா? கோபப்படுகிறவர்களைப் பொருட்படுத்தாதீர்கள்.' அம்மாவுக்கு நான் பொய்யாகப் படித்துக் காட்டிய வரிகளை ஒருவன் நிஜமாகவே எழுதியிருக்கிறான்.

பதில் போட்டேன். நான் அவன் அக்கா, அவன் இறந்துவிட்டான் என்று. இதுவரை யாருக்கும் அதை எழுத்தில் எழுதியதில்லை. எழுதி முடித்ததும் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அரைமணி நேரத்துக்குள் பதில் வந்துவிட்டது. அவ்வளவு அழகான ஆறுதலை எங்கள் சொந்தக்காரர்கள் ஒருவரும் சொல்லவில்லை. புதிய ரியாக்ட்டுக்கான திருத்தத்தைத் தானே செய்து வைத்திருக்கிறானாம். பெயர் மாறனுடையதாகவே இருக்கட்டும், வெளியிடும் உரிமையை மட்டும் தனக்குக் கொடுத்தால் காலத்துக்கும் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான்.

நவம்பர் 15, சனி

ஆலனுக்கு ஆதரவாக இன்னும் இருவர் எழுதியிருக்கிறார்கள். 'ஆலனிடம் கொடுங்கள், நல்ல உழைப்பாளி.' பழைய ஆட்கள்தான் கடித்துக் குதறுகிறார்கள். இந்த மூவரும் இந்த மாதம்தான் கணக்கே தொடங்கியவர்கள். புதிதாக வருகிறவர்களிடம்தான் இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சமிருக்கிறது.

ஆலனிடமிருந்து காலையில் ஒரு மெயில், மத்தியானம் ஒரு மெயில். ஞாயிற்றுக்கிழமைக்குள் உரிமை கிடைத்தால் வசதி என்கிறான். என் சிரமத்தைக் குறைக்கத்தான்.

நஸ்ரீனிடம் போனில் சொன்னேன். "ஆளு ஆருன்னே தெரியாம எப்படிக் குடுப்ப?" என்றாள். கோபம் வந்துவிட்டது. "தெரிஞ்ச ஆளுங்க எல்லாரும் என்ன கிழிச்சாங்க?" என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

ஆலனுக்கு உரிமை கொடுக்க மாறனின் லேப்டாப்பைத் திறந்தேன். அடியில் இன்னும் அவனுடைய ஹாஸ்டல் ஸ்டிக்கர். கொடுப்பதற்கு முன்னால் அந்தக் காலண்டர் ஒருதரமாவது புதிய ரியாக்ட்டில் திறப்பதைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஆலனின் திருத்தத்தை இறக்கி நிறுவச் சொன்னேன்.

சிவப்பு எழுத்து.

இங்கேயுமா என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் இது வேறு சிவப்பு. ரியாக்ட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. கேள்விப்படாத ஏதோ ஒரு குட்டிப் பேக்கேஜ், நிறுவும்போதே தானாக ஓட முயன்று, இரண்டாம் வரியிலேயே முட்டி நின்றிருந்தது. லேப்டாப் பழசு. மாறன் அதில் எதையும் புதுப்பிக்கவில்லை. அந்த வரி அதற்குப் புரியவில்லை.

வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தேன். இதை யார் உள்ளே கூட்டிவந்தது என்று கம்ப்யூட்டரைக் கேட்டேன். ஆலனின் திருத்தம் என்றது. ஒரு காலண்டருக்கு இது எதற்கு? திறந்து படித்தேன். முதல் வரி மட்டும் மனிதர் படிக்கிற மாதிரி இருந்தது. மீதியெல்லாம் வேண்டுமென்றே சிக்கலாக்கிய எழுத்து. மத்தியானச் சாப்பாட்டை மறந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். நிறுவுகிற கம்ப்யூட்டரில் இருக்கிற பாஸ்வேர்டுகளையும் சாவிகளையும் பொறுக்கி எடுத்து எங்கோ ஒரு முகவரிக்கு அனுப்புகிற வேலை.

நான் உரிமையைக் கொடுத்திருந்தால் அது நாளைக்கே நாள்காட்டிக்குள் போயிருக்கும். நாள்காட்டியை எடுக்கிற அத்தனை இடத்துக்கும் போயிருக்கும். எங்கள் ஆஸ்பத்திரித் தளத்துக்கும். மேலே மாறனின் பெயரும் வட்டத்துக்குள் அவன் சிரிப்பும் இருந்திருக்கும்.

ஆலனுக்கு எழுதினேன். இங்கிலீஷில் இல்லை. ஒண்டிப்புதூரில் தண்ணீர்க் குழாயடியில் கேட்டு வளர்ந்த அத்தனை வார்த்தையையும் தமிழிலேயே எழுதி அனுப்பினேன். மொழிபெயர்த்துப் படித்துக்கொள்ளட்டும். பேக்கேஜ் கிடங்கை நடத்துகிறவர்களுக்கும் புகார் அனுப்பினேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஆலனின் கணக்கு இல்லை. ஆதரவாக எழுதிய இருவரின் கணக்கும் கூடவே காணோம்.

அவன் எழுதிய ஆறுதலை மறுபடியும் படித்தேன். இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை. மாறன் இறந்ததை நான் கைப்பட முதலில் சொன்னது அந்தத் திருடனிடம்.

நவம்பர் 17, திங்கள்

நஸ்ரீனிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டிவிட்டாள். "வெள்ளிக்கிழமை போயிருச்சே" என்றான் சுதர்சன். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 19, புதன்

பருப்பு தாளித்துக்கொண்டே அம்மா கேட்டாள். "இத்தன பேரு கேக்கறாங்கன்னு தெனமும் படிச்சுக் காட்டறயே, ஒருத்தருக்காச்சும் பதிலு போட்டயா?"

"இல்ல."

"அதென்ன பழக்கம்? பாவம், நல்லா இருக்கறானான்னு கேட்டுட்டு உக்காந்திருப்பாங்க. போயிட்டான்னு சொல்லிப் போடு. காக்க வெக்காத."

ஆலன் மேல் இருந்த கோபம், சுதர்சன் மேல் இருந்த கோபம், எல்லாம் அந்த நேரம் பார்த்து வந்தது. "யாரும் அவன விசாரிக்கலம்மா. திட்டறாங்க. அத்தன பேரும் திட்டறாங்க. நாயி, குப்பை, செத்துட்டியான்னு கேக்கறாங்க. நான்தான் மாத்தி மாத்திப் படிச்சேன்."

அம்மா அடுப்பை அணைத்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்றும் நினைத்தேன். திட்டவுமில்லை, அழவுமில்லை, குரல் மட்டும் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"அந்த ஜெர்மனிக்காரரு?"

"அப்படி யாரும் இல்ல."

"நான் அதய நெனச்சுட்டுத்தான தூங்குனேன். தெனமும் அதய நெனச்சுட்டுத்தான் கண்ண மூடுனேன். எம் பையன் விசயத்துல எங்கிட்டயே பொய் சொல்லியிருக்கற."

"நீ வருத்தப்படுவேன்னுதாம்மா..."

"எம் பையனத் திட்டுனா எனக்குத் தெரிய வேண்டாமா? உனக்கு மட்டுந்தான் கோவம் வருமா?"

நவம்பர் 20, வியாழன்

அம்மா தட்டில் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 22, சனி

காலையில் அம்மாவே வந்தாள். கையில் மாறனின் போன்.

"திட்டறவங்களுக்கு அவன் இல்லைன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப சொல்லு. தெரிஞ்ச பொறவும் திட்டுனா அன்னைக்கு நான் பேசிக்கறேன்."

மாறனின் லேப்டாப்பில் உட்கார்ந்தேன். ஆலனின் குப்பையை அண்டவிடாமல், மாறன் விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். புதிய ரியாக்ட்டில் எடுத்துவிட்ட வசதியை நான் நினைத்ததைவிட அதிக இடங்களில் அவன் பயன்படுத்தியிருந்தான். ஒன்றைச் சரி செய்தால் அடுத்தது விழுந்தது. அம்புக்குறி விசையை அழுத்தினால் தேதி நகர வேண்டும். கண் தெரியாதவர்கள் அதை வைத்துத்தான் தேதி குறிப்பார்கள் என்று அதற்காகவே தனியாக மெனக்கெட்டிருந்தான். அதுதான் கடைசிவரை நகராமல் அடம்பிடித்தது. அவன் எழுதியதைப் படிக்கப் படிக்க எரிச்சல். இவ்வளவு சுத்தமாக எழுதத் தெரிந்தவன். ஒவ்வொரு இடத்திலும் அடுத்து வருகிறவனுக்குப் புரிய வேண்டுமென்று குறிப்பு எழுதி வைத்தவன். உடம்புக்கு என்ன என்று மட்டும் ஒருவரிடமும் சொல்லத் தெரியவில்லை.

அம்மா எதிரில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அம்புக்குறி நகர்ந்தது. எந்தெந்த ரியாக்ட்டோடு சேரும் என்ற வரியில் புதியதையும் எழுதினேன். பழையபடி நிறுவிக் கிடந்ததையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவச் சொன்னேன். ஒரு சிவப்பு எழுத்துகூட இல்லை. வெளியிடச் சொன்னதும் ரகசிய எண் கேட்டது.

"அம்மா, போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும், படி."

அம்மா போனைத் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு எண்ணாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சத்தமாகப் படித்தாள். முதல்தரம் நான் தட்டுவதற்குள் நேரம் கடந்துவிட்டது. இரண்டாம் தரம் போய்விட்டது.

பிறகு அறிவிப்பு. நான் நேற்றே எழுதி வைத்திருந்தேன். ஒரு முழுப் பக்கம். ஒவ்வொருவன் எழுதியதையும் பெயரோடு எடுத்துப் போட்டு, அந்தந்தத் தேதியில் மாறன் எங்கே படுத்திருந்தான் என்று பக்கத்தில் எழுதியிருந்தேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், இந்தமுறை மாற்றாமல்.

"இது வேண்டாம். நான் சொல்றத எழுது" என்றாள்.

'நன்மாறன் இல்லைங்க. ஆடி மாசம் காய்ச்சல்ல போயிட்டான். உங்களுக்குப் பதிலு சொல்லக்கூடாதுன்னு இல்ல. அவன் அக்கா இப்பச் சரி பண்ணியிருக்கறா. எடுத்துக்குங்க. இப்படிக்கு அவன் அம்மா, சரசு.'

தமிழில் அப்படியே போட்டு, கீழே இங்கிலீஷிலும் போட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

போன் நாள் முழுக்க அடித்தது. அம்மா மடியிலேயே வைத்திருந்தாள். வருகிறதை வருகிற மாதிரியே படித்தேன். பிரேசிலிலிருந்து ஒருவர், தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சந்தேகத்தை மாறன் பொறுமையாகத் தீர்த்து வைத்ததாக எழுதியிருந்தார். அம்மா அதை இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். செத்துவிட்டதா என்று கேட்டவன் அந்த வரியை எடுத்துவிட்டு, மன்னியுங்கள் அம்மா என்று தமிழ் எழுத்தில், எங்கேயோ மொழிபெயர்த்து எழுதியிருந்தான்.

"உடு, பாவம். தெரியாமக் கேட்டுட்டான்" என்றாள் அம்மா.

அம்மாவால் முடிகிறது. என்னால் முடியவில்லை.

சாயங்காலம் ஒருவன்: 'நன்றி. அடுத்த வெர்ஷன் எப்போது வரும்?' அதையும் படித்தேன். அம்மா அவனுக்கு ஒரு நல்ல கெட்ட வார்த்தை சொன்னாள். சொல்லிவிட்டு இருவரும் சிரித்தோம்.

நவம்பர் 24, திங்கள்

ஆபீசில் நாள்காட்டி ஓடுகிறது. சுதர்சன் எல்லாருக்கும் செய்தி போட்டான். 'காலண்டர் பிரச்சினை தீர்ந்தது. டீமுக்கு வாழ்த்துகள்.' போய்க் கேட்டேன், அதில் நன்மாறன் பெயரைப் போட முடியுமா என்று. "கண்டிப்பா" என்றான். இதுவரை போடவில்லை. வேறு புராஜெக்ட்டுக்கு மாற்றச் சொல்லி மேலே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 29, சனி

அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை. மிக்ஸி ஜாருக்கு வாஷர்.

டிசம்பர் 7, ஞாயிறு

துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தபோது அம்மா மாறனின் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் கண்ணு, இது கெட்டுப்போச்சா?"

வாங்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. சார்ஜ் நிறைய இருந்தது.

"சத்தமே காணோம். நாலு நாளா ஒருத்தரும் எழுதல."

"இப்ப அது நல்லா ஓடுதும்மா. ஓடறவரைக்கும் யாரும் எழுத மாட்டாங்க. ஒடைஞ்சாத்தான் எழுதுவாங்க."

அம்மா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அப்ப எதுக்குச் சரி பண்ணுன?"

கேட்டுவிட்டு, போனைக் கொண்டுபோய் சார்ஜில் போட்டாள்.

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். போன வாரம் நாள்காட்டியை இறக்கி எடுத்தவர்கள் இதுவரை எந்த வாரமும் இல்லாத அளவு. எங்கெங்கோ, எந்தெந்த ஊரிலோ, யார் யாரோ அவன் செய்த கட்டத்தைத் தொட்டுத் தேதி குறித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வரி இல்லை. ஒரு கட்டைவிரல் இல்லை. அவர்கள் எழுத வேண்டியதில்லை, அதுதான் சரி, இந்த வேலையில் இருக்கிற எனக்கு அது தெரியாதா? தெரியும். இருந்தாலும் ஒவ்வொருத்தனையும் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது. திட்டவாவது திட்டுங்களடா.